மூட்டு வலியும் மருந்தின் மூலமும்

 

தமிழ் அறநூல்களுள் சிறுபஞ்சமூலமும் ஏலாதியும் சமணச் சான்றோர் இயற்றியவை. காரியாசானும் கணிமேதாவியாரும் தம் நூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகியன சேர்ந்தது ஏலாதி. உடற்பிணிக்கு அம்மருந்துகள் போல, உள்ளப்பிணிக்கு இந்நூல்கள் என்பது கருத்து. இவ்விரு மருந்திலும் பிறிதோர் உயிரின் ஊனோ என்போ இல்லை. ஆகவே, மருந்தின் மூலம் எது என்னும் வினா சமணர்க்குப் புதிதன்று. மூட்டு வலிக்கென இன்று உண்ணப்படும் ஊட்ட மாத்திரைகளை நோக்கி அவ்வினாவை மீண்டும் எழுப்ப வேண்டியுள்ளது.

காஞ்சி மாநகரில் முழங்கால் வலி அறியாத முதியோர் இல்லம் அரிது. தறிக்குழியில் கால் வைத்து ஆண்டுக்கணக்கில் மிதித்தவரும், அடுப்படியில் நின்றே வாழ்நாளைக் கழித்தவரும் அறுபதைக் கடந்ததும் படியேறத் தயங்குகின்றனர். திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில், 1387இல் இருகப்பர் எழுப்பிய சங்கீத மண்டபத்து விதான ஓவியங்களை அண்ணாந்து காணும் ஆவல் இருந்தும், அங்குச் சற்றே அமர்ந்து எழ இயலாமல் வருந்துவோர் பலர்.

இத்தகைய அம்மையார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கிழங்கு உண்ணார். நீரை வடிகட்டியே பருகுவார். கதிரவன் மறையுமுன் உணவை முடிப்பார். அயல்நாட்டில் வாழும் மகன் அன்போடு அனுப்பிய புட்டியிலிருந்து நாள்தோறும் காலையில் ஒரு மாத்திரையை விழுங்குவார். அது குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் ஆகியன கலந்தது. அதில் பெரும்பாலும் இருப்பது இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து எடுத்த பொருளும், மாட்டின் மூச்சுக்குழாய் அல்லது சுறாவின் குருத்தெலும்பிலிருந்து பிரித்த பொருளும் ஆகும் என்பதை அவருக்கு எவரும் சொன்னதில்லை. தொல்காப்பிய மரபியல் நண்டை நான்கறிவுயிராக எண்ணுகிறது. ஓரறிவுயிர்க்கும் இரங்கும் அம்மையார், நான்கறிவுயிரின் ஓட்டை அறியாமல் உண்டு வருகிறார்.

இதில் அவர்மேல் குற்றம் காண்பது முறையன்று. அறியாமல் நிகழ்ந்ததும் அறிந்து செய்வதும் ஒன்றல்ல. ஆயினும், அறிந்தபின் இரண்டு வினாக்களை எழுப்புவது சிராவகர் கடமையாகிறது. இம்மாத்திரை எதனின்று வந்தது? அது மெய்யாகவே வலியைத் தீர்க்கிறதா?

இரண்டாம் வினாவை முதலில் காண்போர்க்கு வழி எளிதாகும். மூட்டின் எலும்பு முனைகளை மூடியிருப்பது குருத்தெலும்பு. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை; ஆதலால் தேய்ந்தபின் எளிதில் வளர்வதில்லை. குருத்தெலும்பில் உள்ள பொருளையே உண்டால் அது மீண்டும் வளரும் என்னும் எண்ணத்தில் பிறந்தவை இம்மாத்திரைகள். கிழிந்த சேலையின் அருகே பட்டு நூல் கழியை வைத்துவிட்டால் கிழிசல் தானே இழையோடிவிடாது என்பதைக் காஞ்சி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் 1,583 நோயாளிகளிடம் 24 வாரம் நடந்த பேராய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவருள் 100க்கு 60 பேர் வலி குறைந்ததென்றனர். இரண்டு பொருளும் கலந்த மாத்திரை உண்டவருள் அவ்வாறு கூறியோர் 100க்கு ஏறத்தாழ 67 பேர். இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடியதே. கடும் வலியுடைய சிறு பிரிவினர்க்கு ஓரளவு பயன் தென்பட்டது. எனினும் அதை உறுதியெனக் கொள்ள ஆய்வாளர் முன்வரவில்லை. பின்னர், 2010இல் பத்து ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோரும் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றனர். அமெரிக்க மூட்டுநோய் வல்லுநர் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முழங்கால் தேய்மானத்திற்கு இவ்விரண்டையும் பயன்படுத்த வேண்டாம் என்றே வலியுறுத்துகிறது. ஐரோப்பாவில் ஒரு வல்லுநர் குழுவினர் குறிப்பிட்ட ஒருவகைக் குளுக்கோசமைனை ஏற்பதும் உண்டு. இவ்வாறு ஐயத்திற்கு இடமான பயனுக்காகத் திங்கள்தோறும் பொருளையும், உடன் நோன்பின் தூய்மையையும் இழக்க வேண்டுமா என்பதே கேள்வி.

இனி முதல் வினா. இந்தியாவில் உணவுப் பொருளாக விற்கப்படும் ஊட்ட மாத்திரையின் உறையில் குறி ஒன்று இருக்கும். சதுரத்துள் பச்சை வட்டம் தாவர உணவைக் குறிக்கும். பழுப்பு முக்கோணம் புலால் சார்ந்ததைக் குறிக்கும். மருந்தாக விற்கப்படுபவற்றிற்கு இக்குறி கட்டாயமன்று. அயல்நாட்டுப் புட்டிகளிலும் இதை எதிர்பார்க்க இயலாது. அவற்றில் ‘ஷெல்ஃபிஷ்’ என்னும் சொல் இருந்தால் அது இறால், நண்டு இனத்தைச் சுட்டும். கொலாஜன் என்பது கோழி, மீன், மாடு ஆகியவற்றினின்று வருவது. உள்ளிருக்கும் மருந்து தாவரமாயினும், கூடு ஜெலட்டினால் ஆனதெனில் அது விலங்கின் எலும்பும் தோலுமே. தானியத்தைப் புளிக்கவைத்துப் பெறும் தாவரக் குளுக்கோசமைனும் உண்டு. மூலத்தால் குற்றமற்றதாயினும், பயனைப் பற்றிய ஐயம் அதற்கும் பொருந்தும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போர், மருத்துவரைக் கேளாமல் குளுக்கோசமைனைத் தொடுதல் ஆகாது.

அவ்வாறெனில் வலிக்கு வழி என்ன? உடற்பயிற்சியும் எடைக்குறைப்புமே ஆய்வுகளில் உறுதிப்பட்ட மருந்துகள். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்திப் பின் இறக்குதல்; இவ்வாறு பத்துமுறை, இரு கால்களுக்கும் செய்தல் தொடைத்தசையை வலுவாக்கும். பிறகு அளவான நடை. வலி மிகுந்த நாளில் மருத்துவர் கூறும் பூச்சுமருந்து தடவலாம். உபவாச நாளில் வெறும் வயிற்றில் வலி மாத்திரை உண்பது இரைப்பையைப் புண்ணாக்கும். நீரும் குறைந்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். நோன்பு தொடங்குமுன் மருத்துவரைக் கலந்து கொள்வது அறிவுடைமை.

சம்மணமிட இயலாதவர் வழிபாட்டில் குறைவுபட்டவர் அல்லர். தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அமர்ந்த நிலையில் மட்டுமன்றி, நின்ற காயோத்சர்க்க நிலையிலும் அமைந்துள்ளன. நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ செய்யும் தியானமும் தியானமே.

சிராவகர்க்கு உரைத்த நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. அபய தானமும் ஒன்று. ஓர் உயிர்க்கு மருந்தளிக்கும்போது மற்றோர் உயிர்க்கு அச்சம் விளைக்காதிருந்தால் இரண்டு தானமும் ஒருங்கே நிறைவேறும். பெற்றோர்க்குப் புட்டி அனுப்பும் பிள்ளைகள் இனி அதன் உறையைப் படித்து அனுப்புக. இயன்றவர் அருகிருந்து, நாள்தோறும் அரைமணி நேரம் அவர்களைக் கைபிடித்து நடத்துக. அதனினும் சிறந்த ஔடத தானம் பிறிதில்லை.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!