விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசும்படி நமது சங்கக் காரியதரிசி என்னைப் பணித்தபோது, வக்கீல் ஒருவரை அழைக்கலாமே என்றேன். "வக்கீல் பேசினால் நமக்கு விளங்காது, நீங்களே பேசுங்கள்" என்று கூறிவிட்டார். பத்தாம் வகுப்புத் தேறி, பார்சல் ஆபீஸில் இருபது ஆண்டுகளாகப் பேரேடு எழுதிவரும் குமாஸ்தா நான். எனினும் இவ்விஷயத்தில் நான் செய்த பிழை ஒன்றுண்டு. அதை உங்கள் முன் ஒப்புக்கொள்ள ஒரு மேடை கிடைத்ததே என்று இசைந்தேன்.

2022-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் நமது காலனி அம்மையார் ஒருவர், மகள் திருமணத்தை முன்னிட்டுத் தமிழ்நாட்டுக்குச் சென்று பட்டுப்புடவை ஒன்று எடுத்து வந்தார். விலை 14,000 ரூபாய். கடையில் முந்தானையையும் கரையையும் மட்டுமே விரித்துக் காட்டியிருக்கிறார்கள். கரக்பூர் வந்து பிரித்துப் பார்த்தால், உள்மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்டிருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, "ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்" என்று பதில் வந்தது. அம்மையார் ரசீதுடன் என் வீட்டுக்கு வந்தார். நானும் படித்தேன். நான் இங்கு தலைப்பாக வைத்திருக்கும் வாசகமே அது.

"அக்கா, வழக்குத் தொடுப்பதானால் கடை இருக்கும் மாவட்டத்தில்தான் தொடுக்கவேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகவர மூவாயிரம் கிலோமீட்டர். புடவை விலை ரயில் செலவுக்கே போதாது" என்றேன். "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், தம்பி" என்று புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் முகூர்த்தத்துக்கு வேறு புடவையைக் கடனுக்கு வாங்கினார்கள்.

நான் சொன்னது தவறு. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை இருக்கும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிடலாம். ஆனால் அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வாங்கியவர் தாம் குடியிருக்கும் இடத்திலோ, வேலை பார்க்கும் இடத்திலோ முறையிடலாம் என்பது அதில் சேர்ந்த புதுமை. கங்சாவதி ஆற்றைக் கடந்து மேதினிப்பூர் சென்றிருந்தால் போதும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றவர்களுக்கென்றே எழுதியதுபோன்ற அந்த விதி, இரண்டு ஆண்டுகளாக அமலில் இருந்தும் என் காதுக்கு எட்டவில்லை.

ரசீதின் அடிவரிக்கு வருகிறேன். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அச்சட்டம் கூறுகிறது. ரசீதில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள்ளும், குறிக்காவிடில் 30 நாட்களுக்குள்ளும் எடுத்துக்கொள்ள வேண்டும். "திரும்பப் பெறப்படமாட்டாது" என்பது கெடு ஆகாது. ரசீதே தர மறுப்பதும் அதே குற்றப் பட்டியலில் உள்ளது. வரி மிச்சம் என்று துண்டுக் காகிதத்தில் கணக்கெழுதி வாங்கிவருகிறோமே, அப்போது நம் கையை நாமே வெட்டிக்கொள்கிறோம். நானும் ஒரு மின்விசிறியை அப்படி வாங்கி மௌனமாக இருந்தவன்தான்.

ஆனால் பொருளைப் பார்த்து வாங்குவது நம் பொறுப்பு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதில் கண்டிப்பானது. பரிசோதித்து வாங்கியவர், அந்தப் பரிசோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பின்னர் எடுத்துச் சொல்ல இயலாது. எங்கள் பார்சல் ஆபீஸிலும் இதே கதைதான். நசுங்கிய பெட்டியைப் பார்த்தும் குறிப்பெழுதாமல் கையெழுத்திட்டு எடுத்துப் போவார்கள். மறுநாள் வந்து நஷ்டஈடு கேட்பார்கள். அவர்களிடம் நானே சட்டம் பேசியிருக்கிறேன். அந்த அம்மையாரின் புடவையிலோ குறை உள்மடிப்பில் இருந்தது. விரித்துக் காட்டாததைப் பார்த்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார்.

நம்மவர் சிலருக்குக் கசக்கக்கூடியது ஒன்றையும் சொல்கிறேன். நிறம் பிடிக்கவில்லை, மருமகளுக்கு அளவு சரியில்லை, அடுத்த கடையில் விலை குறைவு என்பனவற்றுக்குச் சட்டம் எந்த உரிமையும் தரவில்லை. மாற்றிக் கொடுத்தால் அது கடைக்காரரின் பெருந்தன்மை, அல்லது அவர் முன்னரே கொடுத்த வாக்கு. ஒரு கல்யாணத்துக்கு உடுத்திவிட்டுப் புடவையைத் திருப்பிக் கொண்டுபோவோரும் நம்மிடையே உண்டு. சிரிக்காதீர்கள், எல்லோரும் அறிந்ததுதான்.

இணையத்தில் வாங்குவோருக்கு 2020-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. பொருள் குறைபாடுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் கண்டதற்கு மாறாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கலாகாது. புகார் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும்.

முறையிடும் வழி எளிது. முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதிலும் தீராவிடில் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இணையத்தின் வழியாகவும் மனுச் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு.

அந்த இரண்டு ஆண்டுகள் 2024 சித்திரையில் முடிந்தன. புதிய விதி எனக்குத் தெரிந்தது அவ்வாண்டுத் துர்க்கா பூஜை விடுமுறையில். அம்மையாரிடம் சென்று சொன்னேன். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம் என்றும் சொன்னேன். "என்ன காரணம் காட்டுவது? தம்பி சொன்னார் என்றா?" என்று சிரித்துவிட்டு, காப்பி கொடுத்தார். பெயரைச் சொல்லாமல் இதைப் பேச அனுமதித்தவரும் அவரே.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்க வாசகசாலையில் இருப்பேன். ரசீது, கடைக்கு எழுதிய கடிதத்தின் நகல் இரண்டையும் கொண்டுவாருங்கள். மனு எழுதித் தருகிறேன். இம்முறை சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுவேன்.