சம்பளம் வாங்க மறுத்த சிப்பாய்கள்



ஏறத்தாழ இரண்டரை ஆண்டே இருந்து கலைந்துபோன ஒரு படையின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1863. அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர். கறுப்பர் கையில் துப்பாக்கி கொடுத்தால் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்று வடக்கே இருந்தவர்களிலேயே பலர் ஏளனம் பேசிய காலம். அப்போது மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ திரட்டியதுதான் 54-ஆவது தன்னார்வக் காலாட்படை. சிப்பாய்கள் கறுப்பர்கள், தளபதி ராபர்ட் கூல்ட் ஷா, 25 வயது வெள்ளை இளைஞர். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் இதற்கு ஆள் சேர்த்தார். தம் பிள்ளைகளில் இருவரை அனுப்பிவைத்தார்.

ஜூலை 18. தென் கரோலினாவில் எதிரியின் வாக்னர் கோட்டை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவே குறுகலான மணல்வெளி. பொழுது சாயும் வேளையில் சுமார் 600 பேர் அதன் வழியே பாய்ந்தார்கள். கொடி பிடித்தவர் விழுந்தார். வில்லியம் கார்னி என்ற சிப்பாய் அதைக் கையில் வாங்கினார். குண்டுகள் துளைத்தும் மண்ணில் விடாமல் சுமந்து திரும்பினார். ஷா மதில்மேல் மாண்டார். மாண்டவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் என 250 பேருக்கு மேல். கோட்டை அன்று விழவில்லை. ஏளனம் விழுந்தது!

நண்பர்களே, அந்தப் படை இன்னொரு போரும் நடத்தியது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கென்று 3 பிடித்தம். வாங்க மாட்டோம் என்றார்கள். குறைவதை நாங்கள் தருகிறோம் என்றது மாசசூசெட்ஸ் அரசு. அதையும் மறுத்தார்கள்! ஊரில் மனைவி மக்கள் வாடினார்கள். இவர்கள் ஓராண்டுக்கு மேல் காசு வாங்காமலே போரிட்டார்கள். ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற கார்ப்பரல், நாங்கள் சிப்பாய்களா கூலியாட்களா என்று அதிபர் லிங்கனுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். 1864 ஜூனில் நாடாளுமன்றம் பணிந்தது. சமச் சம்பளச் சட்டம் வந்தது. பாக்கி கைக்கு வருமுன் குடிங் எதிரியின் சிறைமுகாமில் இறந்துபோனார்.

மாணவர்களே, உயிரைக் கொடுத்தவர்கள் மானத்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்கவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு கூலி எங்கே கொடுக்கப்பட்டாலும் எழுந்து கேளுங்கள். குறைத்து வாங்கச் சொல்லப்படுபவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். 54-ஆவது படைக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுதான்.