கோணிய இறக்கையைக் குப்பையில் போடாதீர்கள்
(நம் சங்கக் கூடத்தில் கோடை விடுமுறைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வங்கியில் கணக்கு எழுதியவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். மாதிரி விமானம் செய்வது என் நெடுநாள் பொழுதுபோக்கு. அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

நம் பிள்ளைகள் சிலர் என்.சி.சி. ஏர் விங்கில் இருக்கிறார்கள். மாதிரி விமானம் கட்டுவது அவர்கள் பயிற்சியில் ஒரு பகுதி. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே உண்டு. வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த விமானம், இறக்கை கோணியதற்காகக் குப்பைக்குப் போகிறது. காசு போவது இரண்டாம்பட்சம். "எனக்கு இது வராது" என்று பிள்ளை ஒதுங்கிவிடுகிறதே, அதுதான் பெரிய நஷ்டம்.

ஏன் கோணுகிறது? பால்சா மிக லேசான மரம். ஒரு கன மீட்டர் சுமார் 160 கிலோதான் இருக்கும். அதே அளவு தண்ணீர் 1000 கிலோ. ஈரத்தை இந்த மரம் சட்டென்று இழுத்துக்கொள்ளும். மேலே ஒட்டிய தாள் ஒரு பக்கம் கூடுதலாக இறுகினாலும், மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவைத்தாலும் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

ரைட் சகோதரர்கள் இறக்கையை வேண்டுமென்றே முறுக்கித்தான் விமானத்தைச் சாய்த்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று பறந்த விமானத்திலும் அந்த ஏற்பாடுதான். அவர்கள் தேவைப்பட்டபோது முறுக்கினார்கள், பிறகு விட்டார்கள். உங்கள் விமானத்தில் முறுக்கு நிரந்தரமாக இருப்பதால் அது ஒரே பக்கம் சாய்ந்து விழுகிறது.

முதலில் தவறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். டிரயல் பேலன்ஸ் ஒத்துவராவிட்டால் அதைத்தானே செய்வோம்? விமானத்தைப் பின்னாலிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். பின்விளிம்பு மேலே தூக்கிய பக்கம் தூக்குவிசை குறைவு. விமானம் அந்தப் பக்கம் சாயும். பின்விளிம்பு கீழே இறங்கிய பக்கம் விசை அதிகம்; ஆனால் வேகம் குறையும்போது முதலில் கைவிடுவதும் அதுவே. இரு நுனிகளிலும் பின்விளிம்பு ஒரே அளவு லேசாகத் தூக்கியிருந்தால் விட்டுவிடுங்கள், அது நல்லது.

இனி வைத்தியம். தாள் ஒட்டி டோப் பூசிய இறக்கை என்றால் கெட்டில் ஆவியில் சில விநாடி காட்டி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கி, ஆறும்வரை பிடியுங்கள். பிளாஸ்டிக் பிலிம் ஒட்டியது என்றால் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்தபடியே மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டும். வெறும் பால்சா தகடு என்றால் வாயால் ஊதும் வெப்ப மூச்சே போதும். தெர்மகோலுக்கு அதிகச் சூடு ஆகாது, உருகிவிடும். ஆவி வேலையைப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இது நம் ஊருக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டை, வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் ஈரத் தோலைச் சட்டத்தில் இழுத்துக் கிளிப் மாட்டித்தான் உலர்த்துகிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் அப்பரை லாஸ்டில் இழுத்துச் சூடு காட்டுகிறார்கள். ஈரமோ சூடோ இளக்கும். ஆறும்போது எப்படிப் பிடித்திருக்கிறோமோ அந்த வடிவம் நிற்கும். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் பழையபடி கோணும்.

சரிசெய்ததும் மொட்டைமாடியில் விடாதீர்கள். காலையில் காற்று எழும்முன் மைதானத்தில், கையால் மெல்ல எறிந்து பாருங்கள். நேராக இறங்கினால் கணக்கு சரி.

இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். முறுக்கு கொஞ்சம் திரும்பியிருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள்.