மாடு செத்த பிறகு வரும் திட்டம் எதுக்கு?

(ஒன்றிய மாநாட்டில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



மழை பொய்த்த வருஷத்திலும் நம் வீட்டு அடுப்பை எரிய வைப்பது காலையில் சொசைட்டிக்கு ஊற்றுகிற பால்தான். பிள்ளைக்குப் பீஸ் கட்டுவது, கடனுக்கு வட்டி கட்டுவது எல்லாம் அதில்தான். அந்த மாடு நோய் கண்டு ஒரே வாரத்தில் கொட்டகையில் சாய்ந்தால் நாம் என்ன செய்வோம்? அரசு என்ன செய்யும்? இதுதான் நம் கேள்வி.

2013-ல் கோமாரி பரவியபோது டெல்டா மாவட்டங்களில் கறவை மாடுகள் செத்து விழுந்ததைப் பார்த்தோம். 2019-ல் ஒடிசாவில் தலைகாட்டிய தோல் கழலை நோய், 2022-ல் ராஜஸ்தான், குஜராத் என்று பரவி, அந்த ஒரே ஆண்டில் அரசுக் கணக்குப்படியே நாட்டில் 1.5 லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. அந்த நோய்க்கென்று தனி ஊசி அப்போது விற்பனையில் இல்லை. ஆட்டம்மை ஊசியை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009-லேயே வந்துவிட்டது. நோய் என்று சந்தேகம் வந்தால் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ நாம் சொல்லியாக வேண்டும். நோய் மாட்டைத் தனியே கட்ட வேண்டும். அரசு அறிவித்தால் மாட்டை ஓட்டிப் போக முடியாது, சந்தையும் மூடப்படும். மீறினால் தண்டனை. நோய் பரவக் கூடாது என்பதால் இதை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் சொன்னவனுக்கு என்ன கிடைக்குது? பால் வாங்க மாட்டார்கள், சந்தை போச்சு, மாடு செத்தால் கையில் ஒன்றும் இல்லை. அதனால் ராத்திரியோடு ராத்திரியாக வியாபாரிக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. மறைக்க வேண்டாம். அந்த மாடு அடுத்த சந்தையில் நின்று நாலு ஊருக்கு நோயைக் கொடுக்குது. நஷ்டஈடு இல்லாத திட்டம் நோயை மறைக்கத்தான் சொல்லித் தருது.

பறவைக் காய்ச்சலுக்கு எழுத்தில் செயல்திட்டம் இருக்கு. நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கி.மீ.க்குள் கோழிகளை அழிக்கணும், 10 கி.மீ. வரை கண்காணிக்கணும், அழித்த கோழிக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக நிவாரணம் தரணும் என்று இருக்கு. நோயில் சாகும் மாட்டுக்கு அந்த ஏற்பாடு இல்லை. 2022-ல் திருத்திய பேரிடர் நிவாரண விதிப்படி வெள்ளத்தில் செத்த கறவை மாட்டுக்கு ரூ.37,500. அந்தப் பேரிடர் பட்டியலில் பயிரைத் தாக்கும் பூச்சிகூட இருக்கு, கால்நடை நோய் இல்லை!

முடியாத காரியமா இது? 2022-ல் தோல் கழலையில் செத்த பசுவுக்கு ரூ.30,000, காளைக்கு ரூ.25,000, கன்றுக்கு ரூ.16,000 என்று மகாராஷ்டிர அரசு அறிவித்தது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசே அறிவித்தது. வெயிலுக்குச் செய்ததை மாட்டு நோய்க்கும் செய்யலாமே!

கோமாரிக்கு வருஷம் 2 முறை ஊசி போட 2019-ல் மத்திய அரசு திட்டம் கொண்டு வந்தது. ஊசி போட்ட அன்றே பலன் வராது. எதிர்ப்புச் சக்தி ஊற 2, 3 வாரமாகும். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கணும். கரண்ட் போய்க் குளிர் கெட்டால் மருந்தும் கெட்டது. நோய் வந்த பிறகு ஜீப்பில் ஓடி வந்து ஊசி போடுவது வீடு பற்றிய பிறகு கிணறு வெட்டுகிற கதை.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் நோய்க்கால அவசரத் திட்டம் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு! யார் வருவார், எத்தனை மணி நேரத்தில் வருவார், செத்த மாட்டைப் புதைக்கப் பொக்லைன் யார் தருவார் என்பதெல்லாம் அதில் இருக்கணும்.

2. கால்நடை மருந்தகங்களில் காலியிடங்களை நிரப்பு! மருந்துக்குக் குளிர்பதன வசதியும் மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் செய்!

3. கால்நடைத் தொற்றுநோயை மாநிலப் பேரிடராக அறிவி! நோயில் செத்த மாட்டுக்கும் வெள்ளத்தில் செத்த மாட்டுக்குத் தரும் அதே தொகையைக் கொடு! காது வில்லையில் 12 இலக்க எண் போட்டு எண்ணி வைத்திருக்கும் அரசுக்குக் கணக்கு கிடைக்காதா?

4. சந்தை மூடும் நாட்களுக்குத் தீவனமும், கடன் தவணைக்கு அவகாசமும் கொடு!

நம் பங்கும் உண்டு, தோழர்களே. ஊசிக்கு மாட்டை ஒளிக்காதீர்கள். வாயில் நுரையோ, குளம்பில் புண்ணோ, தோலில் கட்டியோ கண்டால் தனியே கட்டுங்கள். 1962-க்குப் போன் போடுங்கள். கோமாரி கண்ட பசுவிடம் கன்றை ஊட்ட விடாதீர்கள். நோய் மாட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். அங்கே நிற்பது நம்மைப் போன்ற இன்னொரு விவசாயியின் மாடு.

வரும் கிராம சபையில் ஊருக்கு ஊர் இந்த 4 கோரிக்கைகளையும் தீர்மானமாகப் போடுவோம். நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள். அந்த நகல்களை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் முன் திரளுவோம்!

கேட்பது பிச்சை அல்ல, நம் உரிமை!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!