ஈட்டுக்குக் கொடுக்கும் பணமும் பங்குக்கு இடும் பணமும்

(வர்த்தகரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நம் இளைஞர் உத்தியோகத்தையே நாடுகின்றனர். தொழில் தொடங்கும் துணிவு அவர்களிடம் இல்லை என்று குறை கூறுவோர் பலர். அக்குற்றச்சாட்டு உண்மையன்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. யாழ்ப்பாணத்திலே ‘யாழ் ஐ.ரி. ஹப்’ போன்ற அமைப்புகள் பத்தாண்டுக்கு மேலாகப் புதுத் தொழில் எண்ணங்களுக்குப் போட்டிகள் நடத்தி வந்திருக்கின்றன. எண்ணத்துக்குக் குறைவில்லை, உழைக்கும் கைக்கும் குறைவில்லை. போட்டி முடிந்து பரிசு வாங்கிய மறுநாள் அந்த இளைஞன் எந்த வாசலை நாடுவது என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை கூற வேண்டியவர்கள் இங்கு அமர்ந்திருக்கும் நாமே.

பணம் எங்கே தங்குகிறது?

நம்மிடம் பணமே இல்லை என்று சொல்லுதல் பொருந்தாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயா சென்று உத்தியோகம் பார்த்தோர் அனுப்பிய பணம் இம்மண்ணுக்கு வந்தது. 1983ஆம் ஆண்டின் பின் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியோர் அனுப்பும் பணம் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. இங்கேயே கடை நடத்தியும் தோட்டஞ் செய்தும் பொருளீட்டியோரும் உளர். இப்பணமெல்லாம் எங்கே போய்த் தங்குகிறது?

சட்டத் தொழில் புரியும் எம்போன்றோர் மேசைக்கு வரும் பத்திரங்களைப் பாருங்கள். அறுதி உறுதி வருகிறது; ஈட்டு உறுதி வருகிறது; நன்கொடை உறுதி, சீதன உறுதி எல்லாம் வருகின்றன. அயலூர் இளைஞன் ஒருவன் தொடங்கிய கம்பனியிலே பங்கெடுத்ததற்கான பத்திரம் வருவது மிக அருமை. காணி கைமாறுகிறது, அதன் விலை ஏறுகிறது. ஆயினும் விலை ஏறிய காணி ஒருவனுக்கேனும் புதிதாக வேலை கொடுப்பதில்லை.

ஈட்டுக்குப் பணம் கொடுப்பவன் கடன்காரனின் தொழில் வென்றதா தோற்றதா என்று கவலைப்பட வேண்டியதில்லை. தோற்றாலும் ஈட்டுக் காணி அவன் பணத்துக்குப் பிணையாக நிற்கும். பங்குக்குப் பணம் இடுபவனோ தொழில் வென்றாற்றான் தானும் வெல்வான். ஆகவே அவன் கணக்கைப் பார்ப்பான். ஆள் தேடிக் கொடுப்பான். சந்தைக்கு வழி காட்டுவான். தொழில் தொடங்கும் இளைஞனுக்கு வேண்டியது இந்த இரண்டாவது மனிதனே.

கோயம்புத்தூர் கற்பிக்கும் பாடம்

இது நடவாத காரியமன்று. நம்மைப் போன்றே கிணற்று நீரை நம்பி வாழ்ந்த ஒரு தமிழ்ப் பிரதேசம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. கோயம்புத்தூர் வறண்ட கரிசல் பூமி. ஆழக் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்துப் பருத்தி விளைத்தனர். 1888ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அங்கு நூல் ஆலை நிறுவினார். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. பருத்தி விளைத்தும் விற்றும் பொருள் சேர்த்த உள்ளூர்க் குடும்பங்கள் அப்பொருளை நிலத்திலேயே முடக்காமல் ஆலைகளில் இட்டன.

ஆலையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1926ஆம் ஆண்டில் பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினர். அந்த அறநிலையம் ஒரு தொழிற்கூடத்தை நடத்திற்று. அங்கே இயந்திரங்கள் செய்யப்பட்டன. செய்கையிலேயே இளைஞர் தொழில் பயின்றனர். 1937ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். 1951ஆம் ஆண்டில் அதே அறநிலையம் பொறியியற் கல்லூரியைத் தொடங்கிற்று. 1998ஆம் ஆண்டில் அக்கல்லூரி சார்பில் புதுத் தொழில் தொடங்குவோருக்கென இடமும் கருவியும் ஆலோசனையும் தரும் நிலையமும் எழுந்தது.

விளைவு யாது? பட்டறையிலே கூலிக்கு நின்றவன் வார்ப்பாலை வைத்தான். வார்ப்பாலையிலே பயின்றவன் பம்பு செய்தான். இன்று இந்தியாவிலே பம்பு என்றால் கோயம்புத்தூர் என்னும் நிலை இருக்கிறது. அயலிலுள்ள திருப்பூரிலும் கமத்தொழில் செய்த குடும்பத்தவர் பலர் ஒருவர் பணத்தையும் மற்றவர் உழைப்பையும் கூட்டிப் பங்காளிகளாகிப் பின்னலாடைத் தொழிலை வளர்த்தனர்.

முதற் கொள்வனவாளன் யார்?

கோயம்புத்தூர்ப் பம்பை முதலில் வாங்கியவன் யார்? அயற் கிராமத்துக் கமக்காரன். இதைக் கமக்காரச் சகோதரர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2022ஆம் ஆண்டில் நீரிறைக்க மண்ணெண்ணெய் கிடையாமல் வரிசையில் நின்றோம். எங்கோ செய்து எங்கிருந்தோ வருவதையே நம்பியிருப்பதன் துன்பத்தை அவ்விரண்டு ஆண்டுகளும் நமக்கு உணர்த்தின.

நாளைக்கு ஓர் இளைஞன் சூரிய சக்தியில் இயங்கும் நீரிறைப்புக் கருவியையோ, வெங்காயம் அழுகாது காக்கும் களஞ்சியத்தையோ செய்துகொண்டு வருகிறான் என வைத்துக்கொள்வோம். முதலாளி பணம் போட்டாலும் வாங்குவாரின்றி அது வாழாது. பத்துக் கமக்காரர் ஒரு போகத்துக்குப் பயன்படுத்திப் பார்த்து, பழுதை ஒளியாமல் எடுத்துக் கூறினால், அதுவும் மூலதனமே. கடை வைத்திருப்போரும் கணக்கெழுதும் மென்பொருளை அயலூர் இளைஞரிடம் முதலிற் கேட்கலாம். இரக்கத்துக்காக வாங்க வேண்டாம். தரத்தைச் சோதியுங்கள், விலையைப் பேசுங்கள், குறித்த நாளிற் பணத்தைக் கொடுங்கள். வரவேண்டிய பணம் காலத்தில் வராமையினாலும் புதுத் தொழில் முறிவதுண்டு.

சட்டம் தரும் காவல்

‘பணத்தை யாரை நம்பி இடுவது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி தனியார் கம்பனி ஒன்றில் ஐம்பது பங்காளிகள் வரை சேரலாம். வரையறுத்த பொறுப்புள்ள கம்பனியில் பங்காளியின் பொறுப்பு அவர் பங்குக்கு இட்ட பணத்தோடு நின்றுவிடும். கம்பனி முறிந்தாலும் அவருடைய வீடு வளவு ஏலத்துக்கு வராது. பெரும்பங்கு வைத்திருப்போர் சிறுபங்காளிகளை நெருக்கினால் நீதிமன்றம் செல்லவும் வழியுண்டு.

இன்னொன்றையும் மறைக்காமற் கூற வேண்டும். நாம் எடுத்துக்காட்டிய ஊர்களிலே இந்த நம்பிக்கை பெரும்பாலும் ஒரே சாதிக்குள், உறவுக்குள் நின்றது. அதனை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பங்குப் பத்திரம் சாதி கேட்பதில்லை. கெட்டிக்காரப் பெண்ணொருத்தி எக்குடியிற் பிறந்தாள் என்று கேட்டு முதல் மறுக்கும் ஊர், தன் செல்வத்தைத் தானே மறுக்கும் ஊராகும்.

எச்சரிக்கையும் வேண்டும். 1906ஆம் ஆண்டில் வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம்பிள்ளை பங்கொன்று 25 ரூபாவாகப் பத்து இலட்சம் ரூபா மூலதனத்துக்குச் சுதேசிக் கப்பற் கம்பனியைப் பதிந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பலும் ஓடிற்று. எதிரிக் கம்பனி கட்டணத்தை வீழ்த்தி நெருக்கியது. 1908இல் அரசு அவரைச் சிறையிலிட்டது. அதன்பின் கம்பனியைத் தாங்கி நிற்கப் பங்காளிகளால் இயலவில்லை. 1911இல் அது கலைக்கப்பட்டது. தொழிலைத் தனியொருவன் தோளில் வைத்தலாகாது. முதலாண்டு நட்டத்தோடு கைவிடாத பங்காளிகள் வேண்டும் என்பதே அது தரும் படிப்பினை.

நாம் செய்யத்தக்கது

ஊருக்குப் பத்துப் பேர் கூடுக. ஆளுக்கு இழந்தாலும் குடும்பம் தளராத ஒரு தொகையை மட்டும் எடுத்து வைக்குக. ஒரே தொழிலில் கொட்டாமல் நாலைந்து தொழில்களில் பகிர்ந்து இடுக. அரையாண்டுக்கொருமுறை கணக்குக் கேட்குக. தொழிலை நடத்தும் அதிகாரத்தைத் தொடங்கியவர் கையிலேயே விடுக. இலாபத்தைப் பத்தாண்டு கழித்து எதிர்பார்க்குக. அவற்றுள் சில தோற்கும். தோற்றவனை ஊர் நகையாதிருப்பதும் ஒரு முதலீடே.

துணிவில்லாத மக்கள் அல்லர் நாம். பிள்ளையை வெளிநாடு அனுப்பக் காணியை ஈடு வைத்து, முகங்காணா முகவர் கையிலே இலட்சம் இலட்சமாகக் கொடுக்கிறோம். பற்றுச்சீட்டுக்கூடக் கேட்பதில்லை. அத்துணை துணிவுடையோர், அதே பிள்ளை இங்கேயே ஒரு தொழில் தொடங்குவேன் என்று வந்து நின்றால் மட்டும் உத்தரவாதம் கேட்பது என்ன நியாயம்? அந்தத் துணிவிலே பத்திலொரு பங்கை நம் ஊரிலே இடுவோம் என்று கேட்டு அமைகிறோம்.