அடிக்க முடிகிற பந்து



நம் பிள்ளைகள் ஆடும் பூங்காத் திடலில் வரும் சனிக்கிழமை ஹோம்ரன் போட்டி, அதாவது பந்தை வேலிக்கு வெளியே அடிக்கும் போட்டி, நடக்கிறது. அதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். வசூலாகும் பணம் முழுவதும் ஹூஸ்டனில் வீடில்லாமல் தவிக்கும் குடும்பங்களுக்குப் போகிறது. பேஸ்பாலுக்கும் வீடிழந்தவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரேனும் உங்களைக் கேட்டால், 610 வளையச் சாலைப் பக்கம் கைநீட்டிக் காட்டுங்கள். ஆஸ்ட்ரோடோம் அங்கேதான் பூட்டிக் கிடக்கிறது.

1965-இல் திறந்த அரங்கம் அது. மேலே கூரை, உள்ளே குளிர்சாதனம். இந்த ஊர் வெயிலுக்கும் கொசுவுக்கும் தப்பி பேஸ்பால் பார்க்கலாம் என்றதும் உலகின் எட்டாவது அதிசயம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் ஊர் ஆஸ்ட்ரோஸ் அணி 1999 வரை அங்கேதான் ஆடியது. பிறகு 2005 வந்தது. ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அங்கே சூப்பர்டோமில் அடைபட்டுக் கிடந்த மக்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் ஹூஸ்டனை நோக்கிப் புறப்பட்டன. அவை வந்து சேருமுன்பே ஒரு பள்ளிப் பேருந்து ஆஸ்ட்ரோடோம் வாசலில் வந்து நின்றது. கேட்பாரற்று நின்ற வண்டியை எடுத்து, வழியில் தவித்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஓர் இளைஞன் ஓட்டி வந்திருந்தான். அடுத்தடுத்த நாள்களில் ஆட்டக்களம் முழுவதும் மடக்குக் கட்டில்கள். ஆயிரமாயிரம் பேர் அங்கே உண்டு, உறங்கி, காணாமல் போன பிள்ளைகளின் பெயர்களை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அஞ்சல் துறை அந்த அரங்கத்துக்கென்றே தனி அஞ்சல் எண் ஒதுக்கியது.

அதன் பிறகு நடந்ததை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். சில வாரங்களிலேயே அந்த அரங்கம் காலியானது. அப்போதைய மேயர் பில் வைட் தலைமையில் நகரமே வாடகைக்குப் பொறுப்பேற்று, ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்பார்ட்மென்ட்களில் குடியேற்றியது. வேலையைத் தேடிக்கொண்டு வா, அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிப் பேசுவோம் என்று அந்த மக்களிடம் சொல்லவில்லை. கையில் சாவி கொடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பெரியவர்கள் வேலை தேடப் போனார்கள்.

புயலடித்தால் நமக்குக் கண் திறக்கிறது. புயலில்லாத நாளில் ஒவ்வொரு குடும்பமாக வீட்டை விட்டு வெளியேறும்போது அது நம் கண்ணில் படுவதில்லை. 2024 ஜனவரியில் ஓர் இரவு எடுத்த கணக்கின்படி அமெரிக்கா முழுவதும் வீடில்லாதவர்கள் 7,71,480 பேர். அவர்களில் ஏறத்தாழ 1,50,000 பேர் குழந்தைகள். முந்தைய ஆண்டைவிடக் குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் 33 விழுக்காடு கூடியிருந்தது. பாலத்தடியில் கூடாரம் போட்டிருக்கும் தனி ஆளைத்தான் நாம் பார்க்கிறோம். குழந்தையோடு இருக்கும் தாய் கூடாரம் போடமாட்டாள். யாராவது பார்த்துப் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. கடைக்கு முன்னால் கார்கள் நிற்கும் இடத்தில், காருக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வாள். வாரக் கணக்கில் பணம் கட்டும் மோட்டலில் இருப்பாள். அக்கா வீட்டுக் கூடத்தில் பத்து நாள், தோழி வீட்டில் ஐந்து நாள் என்று ஓட்டுவாள். அந்த ஓர் இரவுக் கணக்கில் மோட்டலும் வராது, அக்கா வீடும் வராது.

பள்ளிக்கூடம் எடுக்கும் கணக்கில் அவை வரும். 1987-இல் வந்த ஒரு சட்டத்துக்கு இன்று மெக்கின்னி–வென்டோ சட்டம் என்று பெயர். கனெக்டிகட்டின் ஸ்டூவர்ட் மெக்கின்னி ஒரு கட்சி, மினசோட்டாவின் புரூஸ் வென்டோ இன்னொரு கட்சி. இருவர் பெயரையும் அது சேர்த்தே சுமக்கிறது. வீடிழந்த பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கலாம், கையில் எந்தச் சான்றிதழும் இல்லாவிட்டாலும் அன்றே சேர்த்துக்கொள்ள வேண்டும், போய்வர வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும், இதைக் கவனிக்க ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அப்படி இந்த நாட்டின் பள்ளிகள் அடையாளம் காணும் மாணவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தகப்பனுக்கும் தாய்க்கும் சொல்கிறேன்: உங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். உங்கள் பிள்ளைக்குக்கூட அது தெரிந்திருக்காது.

சரி, போட்டிக்கு வருகிறேன். கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு பேஸ்பாலின் ஓர் அருமை சட்டென்று விளங்காது. ஆட்டத்தில் பந்து வீசுபவர் நிற்கும் இடத்திலிருந்து மட்டையாளரின் இடம் 60 அடி 6 அங்குலம். அங்கிருந்து மணிக்கு 95 மைல் வேகத்தில் பந்து வரும். கடைசி நொடியில் வளையும், சறுக்கும், கீழே விழும். பத்து முறை களமிறங்கி மூன்று முறை ஒழுங்காக அடித்தாலே பெரிய ஆட்டக்காரர் என்று கொண்டாடுவார்கள். ஹோம்ரன் போட்டியில் எல்லாம் தலைகீழ். அங்கே பந்து வீசுபவரை மட்டையாளரே தேர்ந்தெடுத்து அழைத்து வருகிறார். இன்னும் கிட்டத்தில், ஒரு தடுப்பு வலைக்குப் பின்னால் நின்று, அடிப்பதற்கு வாகாக அவர் போட்டுக் கொடுப்பார். நம் தெருக் கிரிக்கெட்டில் லட்டு மாதிரி பந்து என்போமே, அதேதான்.

2011-இல் பீனிக்ஸ் நகரில் நடந்த பெரிய லீக் ஹோம்ரன் போட்டியில் ராபின்சன் கனோ வென்றார். இறுதிச் சுற்றில் மட்டும் 12 ஹோம்ரன். அவருக்குப் பந்து போட்டவர் யார் தெரியுமா? அவருடைய அப்பா ஹோசே கனோ. டொமினிகன் குடியரசில் பிறந்தவர். 1989-இல் நம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக ஆறே ஆறு ஆட்டங்களில் பந்து வீசியவர், அவ்வளவோடு முடிந்தது அவருடைய பெரிய லீக் வாழ்க்கை. அன்றைக்கு மட்டையாளரை ஏமாற்றுவது அவர் தொழில். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, பையன் அடிக்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு பந்தையும் அதே இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். மகன் வென்றதும் அந்த அரங்கம் இருவரையும் சேர்த்துத்தான் கொண்டாடியது.

அடிக்க முடிகிற பந்தாகப் போட்டுக் கொடுக்கும் இந்தக் குணத்துக்காகத்தான் இந்தப் போட்டியை நான் ஆதரிக்கிறேன். வீடிழந்த குடும்பங்களுக்கு முயற்சி போதவில்லை என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாமும் வெறுங்கையோடு வந்தவர்கள்தானே, நாம் முன்னேறவில்லையா என்கிறார்கள். ஐயா, நாம் பெட்டியோடு இந்த நாட்டில் இறங்கியபோது கையில் வேலைக்கான கடிதம் இருந்தது. விமான நிலையத்துக்கு அழைக்க ஒரு நண்பர் வந்தார். முதல் மாதம் அவர் வீட்டில் இருந்துகொண்டு வீடு தேடினோம். காரில் படுத்துறங்கும் அந்தத் தாய்க்கு வரும் பந்துகளைப் பாருங்கள். டெக்சாஸில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-இலிருந்து அதே தொகைதான். ஆண்டு முழுவதும் ஒரு வாரம்கூட விடாமல், வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் 15,080 டாலர். வாடகை தவறினால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வெளியேறச் சொல்லும் நோட்டீசுக்கு மூன்று நாள் போதும். அதன்பின் வழக்கு. புது வீடு கேட்டுப் போனால் ஒவ்வொரு பெரியவருக்கும் விண்ணப்பக் கட்டணம், வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம், முதல் மாத வாடகை, அதன்மேல் டெபாசிட். பழைய வழக்கு பதிவில் இருந்தால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். இத்தனையும் ஒரே வாரத்தில் வருகின்றன, இரண்டு பிள்ளைகளைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு நிற்கிற ஒருத்திக்கு. யாரால் அடிக்க முடியும்?

அவளுக்கு அடிக்க முடிகிற பந்தாகப் போட்டுக் கொடுத்தால் அடிப்பாளா என்று ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2010 முதல் 2012 வரை 12 ஊர்களில், தங்குமிடங்களில் இருந்த 2,282 குடும்பங்களை மத்திய வீட்டுவசதித் துறை ஓர் ஆய்வில் சேர்த்தது. சிலருக்கு நீண்ட கால வாடகை உதவி, சிலருக்குக் குறுகிய கால உதவி, சிலருக்கு இடைக்கால விடுதி, சிலருக்கு வழக்கமாகக் கிடைப்பது மட்டும். சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நீண்ட கால வாடகை உதவி பெற்ற குடும்பங்கள் மீண்டும் வீடிழப்பது பாதிக்கும் கீழே குறைந்தது. அதோடு நின்றதா? பிள்ளைகள் பள்ளி மாறுவது குறைந்தது. வீட்டில் அடிவாங்கும் பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. வீட்டுச் சாவி ஒன்று கையில் இருந்தால் ஒரு பெண் எந்தக் கொடுமையைவிட்டு வெளியே வர முடிகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 வாக்கில், நாட்டிலேயே வீடற்றோர் மிகுந்த நகரங்களில் ஹூஸ்டன் ஒன்று. மேயர் அனீஸ் பார்க்கர் காலத்தில், தனித்தனியே இயங்கிக்கொண்டிருந்த நூறு அமைப்புகளுக்கு மேல் ஒரே பட்டியலின் கீழ் வேலை செய்ய ஒத்துக்கொண்டன. முதலில் வீடு, மற்றதெல்லாம் வீட்டுக்குள் வந்த பிறகு என்பதே கொள்கை. அடுத்த பத்தாண்டில் 25,000 பேருக்கு மேல் வீட்டுக்குள் போனார்கள். வீடற்றோர் எண்ணிக்கை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. கட்சிச் சண்டைக்குப் பேர்போன டெக்சாஸில் இது நடந்தது. இந்த ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை என்றால் அதற்கு இது முதல் காரணம், 2022-இல் ஆஸ்ட்ரோஸ் வென்ற வேர்ல்ட் சீரிஸ் பட்டம் இரண்டாவது.

இப்போது உங்களிடம் மூடி மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் திரட்டும் பணம் டெபாசிட்டுக்கும் முதல் சில மாத வாடகைக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும்தான் வரும். மேலே சொன்ன ஆய்வில் குறுகிய கால உதவி மட்டும் பெற்ற குடும்பங்கள், வழக்கமான உதவி பெற்றவர்களைவிடப் பெரிதாக மேலே வந்துவிடவில்லை. நம் பணம் சில குடும்பங்களைக் கரையேற்றும், சிலருக்குப் போதாது. நீண்ட கால வாடகை உதவி அரசாங்கத்தால் மட்டுமே முடிகிற காரியம். அந்த உதவிக்குத் தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் இன்று அது கிடைக்கிறது. ஆகவே சனிக்கிழமை காசோலை எழுதிவிட்டுத் திங்கள்கிழமை மறந்துவிடாதீர்கள். உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். வாக்குரிமை உள்ளவர்கள், வேட்பாளர்களிடம் இந்த உதவியைப் பற்றிக் கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.

இன்னொன்று. 2016-இல் கேலரியாவுக்கு அருகில் ஃபவுன்டன் வியூ சாலையில், குறைந்த வருமானக் குடும்பங்களும் வாழும்படி ஓர் அடுக்ககம் கட்டத் திட்டம் வந்தது. நல்ல பள்ளிகள் உள்ள வட்டாரம். அக்கம்பக்கத்தார் கூடி எதிர்த்தார்கள். நகர நிர்வாகம் திட்டத்தை முன்னெடுக்க மறுத்தது. நம் புறநகரிலும் நாளை அப்படியொரு கட்டடத்துக்கு அனுமதி கேட்பார்கள். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஓர் எதிர்ப்பு மனு சுற்றி வரும். சனிக்கிழமை திடலில் கைதட்டிய யாரும் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. இதை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

விழாக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். உதவி பெறும் குடும்பம் எதையும் அன்று மேடைக்கு அழைக்காதீர்கள். ஒரு தாயைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, நம்மைப் பார்த்துக் கைகூப்ப வைத்துப் படம் எடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிப்பவர்கள். அவர்கள் ஆட வந்தால் மற்றவர்களைப் போல மட்டை பிடித்து ஆடிவிட்டுப் போகட்டும்.

விதி எளிது. சிறுவர் திடல், வேலி 200 அடி. ஒருவருக்குப் பத்து வாய்ப்பு. மட்டையை வீசியும் பந்து வேலியைத் தாண்டாவிட்டால் ஒன்று கழியும். மோசமான பந்தை விட்டுவிடலாம், கணக்கில் சேராது. ஒவ்வொருவரும் தனக்குப் பந்து போட ஒருவரைக் கூட்டி வர வேண்டும். அப்பா, அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டு மாமா, யாரானாலும் சரி. நன்கொடை தருபவர்கள் ஒரு ஹோம்ரனுக்கு இத்தனை டாலர் என்று எழுதிக் கொடுங்கள். கூடவே, ஒரு பந்துகூடத் தாண்டாவிட்டாலும் இவ்வளவு தருவேன் என்று குறைந்தபட்சத் தொகை ஒன்றையும் எழுதிவிடுங்கள். ஒரு குடும்பத்தின் டெபாசிட் எட்டு வயதுப் பையனின் தோள் பலத்தை நம்பி இருக்கக் கூடாது.

பெயர்ப் பதிவு வாசலில் இடப்பக்க மேசையில். ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவர்கள் அங்கே தனியாக எழுதி வையுங்கள். விண்ணப்பம் நிரப்ப ஆள் வேண்டும். பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். நன்று. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நீங்கள் தேவை. புது வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்குக் கட்டிலும் மெத்தையும் ஏற்றிப்போக வேண்டும். கயிறு கொண்டு வாருங்கள்.