கன்றுக்கு முன் வாய்க்கால்



இன்று வனவியல் பட்டம் பெறும் நீங்கள் இனிப் போகும் இடமெல்லாம் எத்தனை கன்று நட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன், அந்த இடத்தில் காடு ஏன் தானாக முளைக்கவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டும். பிச்சாவரத்தைப் பாருங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அந்த அலையாத்திக் காட்டில் பல இடங்கள் வெற்று உவர்த்தரையாகக் கிடந்தபோது, விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்று சுற்றுப்புற ஊர்களின்மேல் பழி விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் ஆராய்ந்து கண்ட முதன்மைக் காரணம் வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை அந்தக் காட்டைக் கூப்பு எனும் வெட்டுப்பகுதிகளாகப் பிரித்து, அரசே முறைவைத்து ஒட்ட வெட்டியிருந்தது. நிழல் போனதும் சேறு காய்ந்து அமிழ்ந்து, தரை தட்டுப்போல் குழிந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தில் இறங்க வழியின்றித் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பை விட்டுச் சென்றது. உவரைத் தாங்கும் வெண்கண்டல்கூட அங்கே பிழைக்காது. லட்சம் கன்று ஊன்றியிருந்தாலும் லட்சமும் பட்டுப்போயிருக்கும். அதனால் முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதநீர் தினமும் வந்துபோய் உப்பைக் கழுவ வழி பிறந்த பின்தான் நடவு. வெட்டிய வாய்க்காலும் வண்டலால் தூர்ந்துவிடும். விடாமல் தூர்வார, அந்தக் கழியிலேயே மீனும் இறாலும் பிடித்து வாழ்பவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அந்த ஊர்களையும் வனத்துறையையும் சேர்த்தே அந்தப் பணி நடந்தது.

மக்களிடம் விட்டால் மிச்சக் காடும் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். வறுமை மரத்தை வெட்ட வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேற்கு வங்கத்தின் ஆராபாரியில், 1970களில், வனத்துறை வறிய ஊர்களுக்கே வேலையும் வருவாயில் 25 சதவீதப் பங்கும் தர முன்வந்தது. அவர்களே காவல் நின்றார்கள். வெட்டுப்பட்ட சால மரங்களின் அடிக்கட்டைகள் துளிர்த்துக் காடாயின. அங்கே பெரிதும் தேவைப்பட்டது கன்றல்ல, காவல். இதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எந்தக் காட்டுக்கு எது குறை என்று அறியாமல் எல்லாவற்றுக்கும் குழி தோண்டுவது, நோய் பாராமல் மருந்து கொடுப்பது.

திட்டப் பணம் தீர்ந்ததும் ஊர்க்குழுக்கள் பெயரளவில் நின்றுவிடுகின்றன என்ற இன்னொரு மறுப்பை என்னால் எளிதில் தள்ள முடியாது. பல இடங்களில் அப்படித்தான் ஆகிறது. துறை சலுகையாகக் கொடுத்த பங்கைத் துறையே நிறுத்திவிடலாம். அப்படிப்பட்ட பங்கை நம்பி எவர் இருபது ஆண்டு காவல் காப்பார்? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் மீட்கவும் அங்கு வாழும் பழங்குடியினருக்கும் மரபுவழிக் குடிகளுக்கும் உரிமை தந்தது. சலுகையாக இருந்தது அதனால்தான் உரிமையாகிறது. ஒரு நடவுத் திட்டம் உங்கள் கையெழுத்துக்கு வரும்போது, அந்த உரிமையுள்ள ஊர்களின் கிராம சபைத் தீர்மானமும், ஐந்தாம் ஆண்டுப் பராமரிப்புக்கான தொகையும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.